நடுங்கியது என் விரல்தான்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம், நீயும் நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். அப்பாவுக்கு இருமல் விட்டது, உன் தங்கைக்கு பேங்கில் வேறு கிளைக்கு மாற்றல் வந்திருக்கிறது. போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் காகிதம்.

மாத்திரை சாப்பிட்டதைக் குறிக்க உங்கள் ஆபீசில் செய்த ஆப்பை என் போனில் போட்டுக் கொடுத்து, பச்சை வட்டத்தைத் தட்டினால் போதும் என்றாய். நான் தட்டினால் பக்கம் நகரும், இல்லையென்றால் ஒரே மாத்திரை இரண்டு தடவை பதிவாகும். விரல் அசையாமல் தொட்டால் தட்டியதாகவும், அசைந்தால் இழுத்ததாகவும் போன் எடுத்துக்கொள்ளும் என்று விளக்கிவிட்டு, "கை நடுங்குதாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாய். "முப்பது வருஷமா ஊசி போடுற கைடா இது, போய் உங்க ஆப்பைப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். நீ அதை நம்பி, கோளாறு ஆப்பில்தான் என்று ஆபீசில் சொல்ல, அதில் தொடுதல் பகுதியை எழுதிய புதுப் பெண்ணை அந்த வேலையிலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்று போன வாரம் சொன்னாய்.

மழைக்காலம் தொடங்கியதிலிருந்தே என் வலது கை நடுங்குகிறது. கிளினிக்கில் மருந்துப் புட்டியை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு சமாளித்தேன். அப்பா என் போனை வாங்கித் தட்டியபோது முதல் தட்டிலேயே பதிவானது, "நல்லாத்தானே இருக்கு" என்றார், அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. திங்கட்கிழமை ஒரு தையல்காரம்மாவுக்கு இரண்டு தடவை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. டாக்டர் எல்லார் முன்னாலும் ஊசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கூனிக் குறுகிப் போனேன். ஆனால் அதைவிட, முகம் தெரியாத ஒரு பிள்ளையின் தலையில் பழியைப் போட்டு என் பெருமையைக் காப்பாற்றிக்கொண்டேனே, அதுதான் அறுக்கிறது. அவளும் தன் அம்மாவுக்குப் போன் பண்ணியிருப்பாள் இல்லையா?

நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. நாளை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போகிறார். நீ உன் மேலாளரிடம் "எங்கம்மா பொய் சொல்லிட்டாங்க" என்று அப்படியே சொல், பூசி மெழுகாதே. அந்தப் பெண்ணிடம் எனக்காக மன்னிப்புக் கேள். நடுங்கும் விரலுக்கும் ஒத்துவரும்படி அந்த வட்டத்தைத் திருத்த முடியுமானால் அவளே திருத்தட்டும், சோதித்துப் பார்க்க என் கை இருக்கிறது என்று சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, நன்றாக இரு. கடிதம் கிடைத்ததும் முதலில் அவளிடம் பேசு, என்னிடம் அப்புறம் பேசினால் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா