தண்ணீர்விட்டானுக்கு நான் ஊற்றிய தண்ணீர்

என் அன்பு ஆரோக்கியம்,

பேரிலேயே ஆரோக்கியத்தை வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவளே, உனக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தியும் ஒரு குற்றமும் இருக்கின்றன. நம் பிலோமினாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பிரசவம் குன்றத்தூரில், அவள் மாமியார் வீட்டில்தான். நீ இருந்திருந்தால் இங்கே பிள்ளைப்பாக்கத்தில் நடந்திருக்கும்.

குற்றம் உன் செடியைப் பற்றியது. கிணற்றடியில் வேலியோரம் நீ நட்ட தண்ணீர்விட்டான் கொடி. மகள் பிள்ளை பெற்றால் பால் ஊற அந்தக் கிழங்கு வேண்டும் என்று, மூன்று வருடமாக யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தாயே, அதுதான்.

நீ போன பிறகு மழையே இல்லை. கிணறு வற்றிவிட்டது. ஷிப்ட் முடிந்து வந்ததும் அடிபம்பில் பெண்களோடு வரிசையில் நின்று, குடம் பிடித்து வந்து கொடிக்கு ஊற்றினேன். பேரே தண்ணீர்விட்டான், தண்ணீர் விடத்தானே சொல்கிறது என்று நினைத்தேன். இலை பழுத்தது. தாகம் போலிருக்கிறது என்று இன்னொரு குடம் ஊற்றினேன். என் புத்தி உனக்குத் தெரியாததா?

பக்கத்து வீட்டுக் கன்னியம்மாதான் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

“இன்னாண்ணே, தெனம் இப்டி ஊத்திக்கினு கீற? தண்ணியே வேணாம்னு வுட்டவன்ணே அவன். வேரு அழுகிப்பூடும்.”

விட்டான் என்றால் ஊற்றினான் என்றும் ஆகும், வேண்டாமென்று விட்டுவிட்டான் என்றும் ஆகும். இந்த வயதில் எனக்குத் தமிழ் தெரியவில்லை.

ஆனால் ஆரோக்கியம், பேரின்மேல் மட்டும் பழியைப் போட மனசு வரவில்லை. உடம்பு வீங்கி நீ கிடந்த கடைசி நாட்களில், தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். “இன்னும் ஒரு வாய் குடுய்யா” என்று நீ கேட்டாய். நான் ஸ்பூனால் உதட்டை நனைத்துவிட்டு டம்ளரை மறைத்து வைத்தேன். டாக்டர் சொன்னபடிதான் செய்தேன், இருந்தும் நெஞ்சு ஆறவில்லை. செடிக்கு ஊற்றிய தண்ணீரெல்லாம் உனக்கு ஊற்றியதுதான்.

போன வாரம் பிலோமினா, குழந்தைக்குப் பால் போதவில்லை என்று கிழங்கு வாங்கிவர மருமகனை அனுப்பியிருந்தாள். கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். கிணற்றுப் பக்கம் தோண்டினால் எல்லாம் கூழாகி நாறியது. அம்மா சேர்த்து வைத்ததை அப்பன் அழித்துவிட்டான் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

கன்னியம்மா வேலியை ஒட்டிய மேட்டைக் காட்டினாள். என் குடத்துத் தண்ணீர் எட்டாத காய்ந்த மண். அங்கே விரல் விரலாக, வெள்ளையாக ஒரு கொத்து இருந்தது. அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மருமகன் பார்க்காத மாதிரி முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

தோலுரித்துப் பாலில் வேகவைத்துக் குடிக்கிறாளாம். பேத்தி இப்போது வயிறு நிறைந்து தூங்குகிறதாம். உன் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்குத்தான் இன்னும் அதைச் சத்தமாகக் கூப்பிட வாய் வரவில்லை.

தண்டோடு இரண்டு கிழங்கை அந்த மேட்டிலேயே நட்டிருக்கிறேன். மழை பெய்தால் குடிக்கட்டும், நான் ஒரு சொட்டு ஊற்றமாட்டேன். வருகிற கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியோடு ஒரு குடம் தண்ணீரும் எடுத்து வருவேன். ஊர் என்ன நினைத்தாலும் சரி, குடம் காலியாகும்வரை உனக்கு ஊற்றுவேன்.

அந்த ஒரு வாய் தண்ணீரைத் தராத
உன் வீட்டுக்காரன்,
சூசை