பட்டியலின் முதல் காரணம்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, உன் தங்கை, நான் மூவருக்கும் உடம்பில் குறையில்லை, உனக்கும் அப்படியே இருக்க வேண்டும். உடம்பைப் பற்றி மட்டும்தான் இந்த முறை இப்படி எழுத முடிகிறது. தங்கை தேர்வுகளை முடித்துவிட்டாள், எப்படி எழுதினாய் என்று கேட்டால் "எழுதியிருக்கேன்" என்கிறாள், அதற்கு மேல் வாய் திறப்பதில்லை, என்னையே உரித்து வைத்திருக்கிறாள். அப்பா தினமும் காலையில் நடக்கப் போகிறேன் என்று கிளம்பி, தெருமுனையில் யாரிடமாவது பேசிவிட்டு, நடந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி வருகிறார்.

போன வாரம் பேசும்போது, நீ பார்த்துக்கொள்ளும் காப்பிக் கடைக்கும் ஏஐ வரப்போகிறது, உங்கள் சலவைக் கடையில்தான் ஒரு வருடமாக இருக்கிறதே, எப்படியிருக்கிறது என்று கேட்டாய். நான் பிடி கொடுக்காமல் பேச்சை மாற்றினேன். போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், அதன் மேல் எனக்குப் புகார் இல்லை. எந்த நாளில் கூட்டம் வரும், எப்போது சோப்புத்தூள் தீரும் என்பதை அப்பாவைவிட அது சரியாகச் சொல்கிறது, அப்பாவே ஒப்புக்கொண்டுவிட்டார். பெயர்ப்பலகை அவர்களுடையது, கடை நம்முடையது என்று ஃபிரான்சைஸ் எடுத்த நாளிலிருந்து தலைமை அலுவலகம் அனுப்பும் எதையும் நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பேன், உனக்குத் தெரியும். இதையும் அப்படித்தான் பார்த்தேன். தப்பு அங்கேதான் தொடங்கியது.

ஒரு துணி இரண்டு நாளுக்கு மேல் கடையில் தங்கினால் அதன் திரை காரணம் கேட்கும். பட்டியலில் முதலில் இருப்பது 'பணியாளர் தாமதம்'. 'துணிக்குக் கூடுதல் நேரம் தேவை' என்பது ஆறாவது, அதைத் தேர்ந்தெடுத்தால் படம் எடுத்துப் போட்டு இரண்டு வரி எழுத வேண்டும், எழுதாமல் அடுத்த துணிக்குப் போக விடாது. வாசலில் ஐந்து பேர் நிற்பார்கள். இதையெல்லாம் எவன் படிக்கப் போகிறான் என்று நான் முதல் காரணத்தை அழுத்திக்கொண்டே போனேன். தங்கிய துணிகள் யாருடைய மேசையில் தங்கின என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கறை எடுப்பவர், எப்போ பட்டது, என்ன பட்டது, தண்ணி போட்டீங்களா என்று துணியை நாடி பிடித்துப் பார்ப்பதால் நீங்கள் இருவரும் சின்ன வயதில் 'டாக்டர்' என்று பெயர் வைத்தீர்களே, அவர். பத்தொன்பது வருடமாக, பழைய கறையென்றால் ஒரு நாள் கூடுதலாக ஊற வைப்பார். அதற்காகவே நான்கு கடை தாண்டி நம்மிடம் வருகிறார்கள். பதினோரு மாதத்தில் நானூற்றுப் பதினேழு முறை, அவர் பெயருக்கு எதிரே நான் தாமதம் என்று அழுத்தியிருக்கிறேன். புள்ளியியலில் முதுகலை படித்தவள் நான். குப்பையைப் போட்டால் குப்பைதான் வரும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

சென்ற மாதம் ஏரியா மேனேஜர் பெண் ஒரு தாளோடு வந்தாள். பகுதியிலுள்ள கிளைகளிலேயே மெதுவான பணியாளர் அவர்தானாம், கறை வேலையை எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான மத்தியக் கூடத்துக்கு மாற்றிவிட்டு அவரை நிறுத்தினால்தான் உரிமம் புதுப்பிக்கப்படுமாம். நான் கோபமாக உங்கள் இயந்திரத்துக்கு என்ன தெரியும் என்றேன். "மேடம், அது சொந்தமா எதுவும் சொல்லல, நீங்க குடுத்த டேட்டாவதான் சொல்லுது" என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். எல்லா வரியிலும் நான் அழுத்திய முதல் காரணம். அன்றே தவறு என்னுடையது என்று விளக்கமாகத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். ஒரு நிமிடத்துக்குள் மிகவும் பணிவான பதில் வந்தது, தொண்ணூறு நாளுக்கு முந்தைய பதிவுகளை மாற்ற இயலாது என்று. நான் எழுதியதை மனிதர் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அப்பாவிடம் சொன்னேன். "ஒருத்தருக்காகக் கடைய மூடணும்னா சொல்லு, மூடிடலாம்" என்றார், கோபமாகச் சொல்லவில்லை, நானும் அவரை நிறுத்தச் சம்மதித்துவிட்டேன்.

மெதுவானவர் என்று மெஷின் சொல்கிறது, நிறுத்த வேண்டியிருக்கிறது என்று மட்டும் டாக்டரிடம் சொன்னபோது அவர் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு, "எனக்கே தெரியாமப் போச்சு பாருங்கம்மா, மெஷின் கண்டுபிடிச்சிருச்சு, வயசாகுதில்ல" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அழுத்தியது நான்தான் என்று நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அவசரப்படுகிறார், ஊற வைப்பதே இல்லை. நேற்று ஒரு வெள்ளைச் சட்டையில் கறை மருந்தை அதிகமாக ஊற்றித் தோள்பக்கம் பொத்தலாகிவிட்டது. இத்தனை வருடத்தில் முதல் முறை. "பாத்தீங்களா, சரியாத்தான் சொல்லியிருக்கு" என்று என்னிடம் சட்டையைக் காட்டினார். 

உன் கடையில் அது வரட்டும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் நீ தரும் பதிலில் யாரோ ஒருவருடைய வேலை இருக்கிறது என்று நினைத்து அழுத்து. நேரமில்லையென்றால் வரிசையில் நிற்பவர்களை நிற்கச் சொல். உன்னிடம் வேலை செய்பவர்களுக்கு அவர்களைப் பற்றி என்ன பதிவாகிறது என்று வாரம் ஒரு முறை காட்டு, நான் ஒரு நாள் காட்டியிருந்தால் டாக்டர் அப்போதே என்னைத் திட்டியிருப்பார். நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, உன் தங்கைக்கு அவ்வப்போது போன் செய், அவள் கேட்கமாட்டாள், ஆனால் காத்திருக்கிறாள்.

சனிக்கிழமை அவருக்குக் கடைசி நாள். அப்பா, "உண்மையச் சொல்லி என்ன ஆகப்போகுது, நம்மள நல்லவங்கன்னு நெனச்சிட்டே போகட்டும்" என்கிறார். நானும் அதையே விரும்புகிறேன் என்பதை உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் கை மெதுவாகிவிட்டது என்ற நினைப்போடு அவர் இன்னொரு கடை வாசலில் வேலை கேட்டு நிற்பார், இல்லையென்றால் கேட்காமலே இருந்துவிடுவார். நீ எங்கிருந்தாலும் நன்றாக இரு, செய்யும் தொழிலில் நல்ல பெயர் எடு, எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. மறக்காமல் ஒன்று செய், சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் போன் செய்து, டாக்டரிடம் சொல்லிவிட்டாயா என்று கேள். வேறு எதுவும் விசாரிக்காதே, அதை மட்டும் கேள். நீ கேட்பாய் என்று தெரிந்தால்தான் நான் சொல்வேன்.

என்றும் உன் நினைவாக,
அம்மா