உப்புத் தண்ணீரில் விழுந்த பிஸ்மத்

10-7-2006, திங்கள்

மேல்காற்று. வாயெல்லாம் மண். மாங்கனித் திருவிழாக் கூட்டம் வேறு, கோட்டுச்சேரியிலிருந்து ஃபேக்டரி வரை பஸ்ஸில் நின்றபடியே.

பி.எட். சீட் கிடைத்துவிட்டது! தஞ்சாவூர். வெள்ளிக்கிழமைக்குள் ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு நேரில் வரணுமாம். ஒரிஜினல் எல்லாம் மேனேஜர் ரூம் பீரோவில். வேலைக்குச் சேர்ந்த அன்றே வாங்கிப் பூட்டினார்கள். லேபில் எல்லோருக்கும் இதே கதைதான். கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார் மேனேஜர். அவருடைய 'பாக்கலாம்' எனக்குத் தெரியாதா?

அப்பா: "உள்ளூர்ல ஏ.சி. ரூம்ல வேல. அத உட்டுட்டு டீச்சராவப் போறாளாம்."

வாங்க வேண்டியது: அம்மாவுக்குத் தைலம், ஹேர்பின், குடை ரிப்பேர்.

11-7, செவ்வாய்

டீச்சர் ஆனால் இப்படித்தான் ஆரம்பிப்பேன்: பிள்ளைகளா, பிஸ்மத் ஈயம் மாதிரி கனம், ஆனால் ஈயம் மாதிரி நஞ்சில்லை. நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, சுத்தத் தண்ணீரில் ஊற்றினால் வெள்ளைப் பொடி விழும். வயிற்று வலி மாத்திரைக்குப் போகிறது. தண்ணீரில் உப்பு இருந்தால் அது வேறு பொடியாகிவிடும். மாத்திரைக்கு ஆகாது.

எங்கள் ஃபேக்டரியில் இன்றைய பேட்ச் அப்படித்தான் ஆனது. உப்பு டெஸ்டில் பால் மாதிரி கலங்கியது. ஃபெயில்.

தண்ணீரில் உப்பெடுக்கும் மெஷின் ரிப்பேர் என்று செல்வமணி அண்ணன் போர் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார். கிளிஞ்சல்மேட்டுக்காரர், சுனாமிக்குப் பிறகு கடலுக்குப் போகாமல் இங்கே வந்தவர். "நாக்குல வச்சுப் பாத்துட்டுத்தாம்மா உட்டேன். கரிக்கவேயில்ல. எங்கூரு பம்புத் தண்ணிக்கி இது எளநீரு!"

சிரிப்பதா அழுவதா.

12-7, புதன்

மேனேஜர் கூப்பிட்டார். "பாஸுன்னு போட்டுக் கையெழுத்துப் போடும்மா. கொஞ்சூண்டு உப்புதானே."

"மாட்டேன் சார்."

"அப்ப ஒன் சர்டிபிகேட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்பு. செல்வமணியும் கெளம்பட்டும்."

நிஜமாகவே பீரோவைத் திறந்தார். என் கவரைக் கண்ணால் பார்த்தேன். உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். ஆனால் வாசலில் செல்வமணி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு. சின்ன மகளை இப்போதுதான் ஸ்கூலில் சேர்த்திருக்கிறார்.

வாய் சும்மா இருந்ததா? "சார், இத முழுசா அந்த உப்புப் பொடியாவே, ஆக்சிகுளோரைடா, மாத்திடலாம். முத்து மாதிரி மினுக்கும். நகப்பாலிஷ், முகப்பவுடர் கம்பெனிங்க வாங்குவாங்க."

கவரை உள்ளேயே விட்டுப் பீரோவை மூடினார்.

13-7, வியாழன்

பொடியை மறுபடி அமிலத்தில் கரைத்து, உப்புத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக. முதலில் சுண்ணாம்பு மாதிரி விழுந்தது. சூட்டைக் கூட்டி, இன்னும் மெதுவாக. மத்தியானம் பீக்கரைக் கலக்கினால் பட்டு மாதிரி ஒரு மினுக்கு சுற்றிச் சுற்றி வருகிறது! சாப்பிடவே மறந்துபோனேன். கட்டைவிரல் நகத்தில் தடவிப் பார்த்தேன், ஆசைதான்.

செல்வமணி அண்ணன்: "வாள மீனு தோலு மாரியே இருக்கும்மா."

மேனேஜர் மெட்ராஸில் ஒரு நகப்பாலிஷ் கம்பெனிக்கு போன் போட்டார். சாம்பிள் அனுப்பச் சொல்லிவிட்டார்களாம். "சபாஷ்!" என்றார். சர்டிபிகேட் கேட்டேன். "நாளைக்கு."

ஜலதோஷம். அமில வாடை மூக்கைவிட்டுப் போகவில்லை.

14-7, வெள்ளி

காலையில் பையோடு மேனேஜர் ரூமுக்குப் போனேன், தஞ்சாவூர் பஸ் பிடிக்கிற மாதிரி.

"புது செக்‌ஷனே ஒன்ன நம்பித்தான் போடுறோம். இப்பப் போயி ஒரிஜினல் கேக்குறியே? ஒங்கப்பாவே நேத்து வந்து சொல்லிட்டுப் போனாரு, அவ எங்கயும் போவமாட்டான்னு."

அப்பா! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரி அல்வாவோடு வந்து நிற்கிறார். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை நான்.

செல்வமணி அண்ணன் வேறு, "ஒன்னாலதாம்மா எங்கூட்டுல அடுப்பெரியிது" என்று கண் கலங்குகிறார்.

புதன்கிழமை வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். கவரை என் கையில் கொடுத்தே துரத்தியிருப்பார். இந்நேரம் தஞ்சாவூரில் இருப்பேன்.

எத்தனை தடவை யோசித்தாலும், அங்கே நின்றால் மறுபடி வாயைத் திறக்கத்தான் செய்வேன். அதுதான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.