மேற்குக் கரை என்று எழுதிய சீட்டு

எல் பாக்காய்,
மராஞோன் ஆற்றங்கரை,
14 ஏப்ரல் 1968

என் அன்புக்குரிய எலியோதோரோவுக்கு ஒதீலியா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். லிமாவின் ஈரக் காற்றில் உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? இங்கே வெயில் வழக்கம்போல. மாங்காய் முடிந்துவிட்டது.

ஜூன் மாதம் உங்கள் பறவை ஆராய்ச்சி டாக்டரோடு ஆறு வாரம் வரப்போவதாக நீங்கள் எழுதியதை அக்காள் மெலானியாவுக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். அன்றைக்கே முன்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அவள் வாசலில் நின்றுகொண்டு, "ஏண்டி, மூணு வருஷமா லிமா மியூசியத்துல செத்த குருவிக்குப் பஞ்சு அடைக்கிற மனுஷன், உன்னையா பாக்க வர்றாரு? குருவியப் பாக்க வர்றாரு. நீயும் கால்ல ஒரு சீட்டக் கட்டிக்கிட்டு நில்லு, அப்பவாச்சும் கண்ணுல படுவ" என்றாள். சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

நான் அனுப்பிய ஒரு குருவித் தோல்தான் இந்தப் பயணத்துக்குக் காரணம் என்று எழுதியிருந்தீர்கள். ஆற்றுக்குக் கிழக்கே புள்ளி மார்புக் குருவி, மேற்கே சாம்பல் மார்புக் குருவி. இரண்டும் ஒரே இனம், ஆறுதான் நடுவில் புகுந்து பிரித்தது என்று இத்தனை நாள் புத்தகத்தில் இருந்ததாம். நான் கட்டிய சீட்டில் உள்ளபடி புள்ளி மார்பு மேற்குக் கரையிலும் இருக்கிறது, பக்கத்திலேயே வாழும் சாம்பல் மார்போடு கலக்காமல் இருக்கிறது என்றால், இரண்டும் வேறு வேறு இனம் என்று டாக்டர் எழுதுவாராம். மண்ணில் அடுப்புப் போலக் கூடு கட்டும் சிலாலோக் குருவியும், முள்ளுக் குச்சியை மூட்டையாக அடுக்கும் இவையும் ஒரே குடும்பம் என்று நீங்கள் சொன்னதையே மெலானியா இன்னும் நம்பவில்லை. அவளிடம் இதை வேறு எப்படி விளக்குவது?

கடைசிப் பக்கத்தில் டாக்டரின் கேள்வி ஒன்று இருந்தது. குருவி கிடைத்த இடம் தண்ணீரிலிருந்து எத்தனை அடி, வீட்டுக்கு எந்தத் திசையில் என்று. அதைப் படித்த பிறகுதான் சீட்டில் நான் எழுதியது தப்பு என்று புரிந்தது.

அந்தக் குருவி கிடைத்தது அக்கரையில், கிழக்கே, நம் எலுமிச்சைத் தோப்பில். காவல்காரரின் பூனை அடித்துப் போட்டிருந்தது. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? மரம் எந்தக் கரையில் நின்றாலும் யார் வீட்டு மரமோ அந்த வீட்டின் பெயர்தான் அதற்கு. அக்கரை எலுமிச்சையும் எல் பாக்காய் எலுமிச்சை, அக்கரையில் பிறந்த கன்றும் எல் பாக்காய்க் கன்று. நானும் அப்படியே நம் வீடு இருக்கும் இடத்தை, "எல் பாக்காய், மேற்குக் கரை" என்று எழுதிக் காலில் கட்டிவிட்டேன். நமக்கு ஆறு ஒரு தெரு. குருவிக்கு அப்படி இல்லை என்று எனக்கு யார் சொன்னார்கள்? உங்களுக்கும் ஒரு சந்தேகம் வரவில்லையே. லிமா போய் நீங்களும் ஆற்றை ஒரு கோடாகப் பார்க்கும் வரைபடக்காரர் ஆகிவிட்டீர்கள்.

உண்மையை எழுதினால் பயணம் நின்றுவிடும், நீங்கள் வரமாட்டீர்கள். அதனால் எழுதவில்லை. மூன்று வாரம் விடியற்காலையில் இந்தக் கரையின் முட்புதர்களை எல்லாம் தேடினேன். ஒரே ஒரு புள்ளி மார்பு இந்தப் பக்கம் இருந்தால் போதும், நான் எழுதியது மெய்யாகிவிடும். சில நாள் தூக்கக் கலக்கத்தில் இலை நிழல் விழுந்த கிளையெல்லாம் புள்ளி மார்பாகவே தெரிந்தது. கிட்டப் போனால் இலைதான்.

போன வெள்ளிக்கிழமை வெட்கம் கெட்டு ஒரு காரியம் செய்தேன். அக்கரையில் ஒரு ஜோடியைக் கண்ணி வைத்துப் பிடித்து, கூடையில் போட்டு, சால்வையால் மூடித் தெப்பத்தில் ஏற்றினேன். இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டுவிடுவதாக எண்ணம். மெலானியாதான் கழி ஊன்றித் தள்ளினாள். நடு ஆற்றில் பனிமூட்டம் இறங்கிவிட்டது. கரை இரண்டும் இல்லை. தெப்பம் மெல்லச் சுற்றியது. எது கிழக்கு, எது மேற்கு, எவ்வளவு நேரம் ஆயிற்று, ஒன்றும் தெரியவில்லை. மடியில் இருந்த கூடைக்குள் இறகு படபடக்கும் சத்தம் மட்டும். அந்த வெள்ளைக்குள் எங்கோ நீங்கள் நின்றுகொண்டு இருமுவதுபோலக் கேட்டது. ஏன் சால்வையைத் தூக்கினேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. இரண்டும் எழும்பின. கொஞ்சமும் தயங்காமல் ஒரே பக்கமாகப் போயின.

"அதுங்களுக்குத் தெரியுது பாருடி, வீடு எங்கன்னு. நமக்குத்தான் மூட்டம்" என்றாள் மெலானியா. மூட்டம் விலகியபோது, அவை போன பக்கம் கிழக்கு.

ஆகவே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சீட்டு என் கையெழுத்து, தப்பும் என்னுடையது. உங்கள் பெயருக்கு ஒன்றும் வரக்கூடாது. புத்தகத்தில் இருப்பதே இருக்கட்டும்.

இதுவரை குருவியைப் பற்றி எழுதினேன். எனக்குக் கோபமும் இருக்கிறது, எலியோதோரோ. நீங்கள் போன புதிதில் நான் எப்படி இருக்கிறேன் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். பதில் வரவில்லை. நீங்கள் கற்றுக்கொடுத்தபடி ஒரு தோலை உரித்துப் பஞ்சு வைத்துத் தைத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது, தையல் நன்றாக இருக்கிறது, இடது சிறகுதான் கொஞ்சம் கோணல் என்று. அதற்குப் பிறகு பதினேழு தோல் அனுப்பியிருக்கிறேன். பறவைகள் மேல் எனக்கு அப்படி ஒரு ஆசை என்று நினைத்தீர்களா? உங்கள் கையெழுத்தைப் பார்ப்பதற்கு எனக்கு வேறு வழி இல்லை.

இந்தத் தடவை தோல் எதுவும் வைக்கவில்லை. வெறும் கடிதம்தான். கன்னி மாதா உங்கள் நெஞ்சுக்கு இதம் தரட்டும். டாக்டர் வராவிட்டால் போகட்டும். நீங்கள் இதற்குப் பதில் எழுத வேண்டாம், புறப்பட்டு வாருங்கள்.

உங்களுடைய,
ஒதீலியா