மாப்பிள்ளையோடு புதுச்சேரிக்குப் போனது

10 நவம்பர் 1955, வியாழன். இராயபுரம்.

கையெழுத்து கோணலாக இருக்கிறது. மன்னித்துக்கொள் என்று யாரிடம் சொல்வது? வாசிக்கப்போகிறவனும் நான்தான். துறைமுகத்தில் கப்பல் சுமை தூக்குகிற வின்ச் ஓட்டிய கை இது. இரும்புப் பிடியைப் பிடிப்பதுபோல் பேனாவைப் பிடிக்கிறது, தாள் கிழிகிறது. கிழியட்டும். கிழவன் ஆன பிறகு மாதா கோயில் இராப்பள்ளிக்குப் போய் என் பெயரை நானே எழுதிவிட்டேன் – ஸ்டானிஸ்லாஸ். இத்தனை ஸ் வைத்துப் பெயரிட்ட சாமியார் உயிரோடு இருந்தால் நறுக்கென்று கேட்டிருப்பேன்.

கல்லறைத் திருநாளுக்கு வந்த மகள் ஐரீன் இன்னும் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை. கன்னத்தில் வீக்கம். குழாயடியில் வழுக்கியது என்கிறாள். நான் கேட்பதற்கு முன்பே என் பெண்டாட்டி டோரதி, "ஆமா, அங்க பாசி" என்கிறாள். டோரதி போய்ப் பார்த்தாளா என்ன?

மாலையில் மாப்பிள்ளை லியோனார்ட் வந்தான். ரயில் எஞ்சினில் கரி போடுகிறவன். "மாமா, சனி ஞாயிறு லீவு கீது. எல்லாரும் பாண்டிச்சேரி போய் வரலாம்." டோரதிக்கு ஒரே நிம்மதி. சுற்றிவிட்டு வந்ததும் ஐரீனை அப்படியே அவனோடு அனுப்பிவிடலாம் என்று என்னிடம் கிசுகிசுத்தாள்.

எனக்கு வேறு சந்தோஷம். புது ஊர். வாசிக்கப் புதுப் பலகைகள்.

12, சனி. புதுச்சேரி.

மழை வானத்தைக் கிழித்துக்கொண்டு கொட்டுகிறது. கடல் கரைக்கல்லை உடைக்கிற மாதிரி அறைகிறது. வெள்ளைக்காரன் கட்டிய நேர்நேரான தெருக்கள், மஞ்சள் சுவர்கள், பழைய கோயில்கள். குடை திரும்பிப் பறந்துபோனது. நனைந்துகொண்டே தெருப்பெயர்களைக் கூட்டி வாசித்தேன். பிரெஞ்சுக்காரன் பெயர்களைத் தமிழில் எழுதிவைத்திருக்கிறார்கள், நாக்கு சுளுக்கிக்கொண்டது. ஐரீன் கூடவே நடந்தாள்.

லியோனார்ட் வரவில்லை. இங்கே மதுவிலக்கு கிடையாது. அதற்குத்தான் இந்த ஊர் என்று இப்போது புரிகிறது.

13, ஞாயிறு. ரயிலில். ஆட்டத்தில் எழுதுகிறேன்.

மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக எழுத வேண்டும்.

பூசை முடிந்து லாட்ஜுக்கு வந்தோம். மழையில் வெளியே போக முடியவில்லை. ஜன்னலில் நின்று எதிர்க்கடைப் பலகையை வாசித்துக்கொண்டிருந்தேன். ஐரீன், "நைனா, நீ வாசிச்சு முடிக்கறதுக்குள்ள அவன் கடய மூடிகினு பூடுவான்" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அந்த நேரம் பார்த்து லியோனார்ட் உள்ளே வந்தான். சேற்றில் விழுந்து எழுந்திருக்கிறான். தன்னைப் பார்த்துச் சிரித்ததாக நினைத்துவிட்டான்.

"இன்னாடி இளிப்பு?"

பெல்ட்டை உருவினான். பித்தளைக் கொக்கி வைத்த பெல்ட். முதல் அடி காதில். இரண்டாவது கழுத்தில். "வாணாம் மாப்ள, வாணாம் மாப்ள" என்று டோரதி ஓடினாள். எங்கே ஓடினாள்? ஜன்னலைச் சாத்த. வெளியே சத்தம் கேட்கக்கூடாதாம்.

நான் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். ஏன்?

ஐரீன் சுவரில் சாய்ந்து என்னைப் பார்த்தாள். முஷ்டியை மடக்கி மேலே தூக்கினாள்.

வின்ச் ஓட்டுகிறவனுக்குக் கப்பலின் அடிக்கிடங்கு தெரியாது. மேலே நிற்பவன் கைகாட்டினால்தான் சுமையை ஏற்றுவதும் இறக்குவதும். மடக்கிய முஷ்டி என்றால் நிறுத்து. யார் தூக்கினாலும் நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் கீழே ஆள் நசுங்குவான். குழந்தையாக இருக்கும்போது ஐரீன் சோறு போதும் என்பதற்கு எனக்கு அப்படித்தான் காட்டுவாள்.

முக்காலியை எடுத்து அவன் கையில் இறக்கினேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவன் தலையால் முட்டினான். என் முன்பல் போயிற்று. திரும்ப அடித்தேன். விழுந்தான். விழுந்த பிறகும் அடித்தேன். லாட்ஜ்காரர் ஜஹாங்கீர் வந்து இடுப்பைப் பிடித்து இழுத்தார். "பெரியவரே, வுடுங்க. ஆளு செத்துடுவான்."

சந்தோஷமாக இருந்தது. என் பெயரை முதலில் எழுதிய அன்று இருந்ததைப் போல. இதை யாரிடமும் சொல்லமாட்டேன்.

அவனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேர் ரயில் ஏறினோம்.

15, செவ்வாய்.

டோரதி என்னோடு பேசவில்லை. சுவரைப் பார்த்து, "தாலி கட்னவன் கைய ஒடச்சா ஆச்சா?" என்கிறாள்.

17, வியாழன்.

லியோனார்டின் அண்ணன்மார் வந்தார்கள். முதலில் கல். ஓடுகள் நொறுங்கின. பிறகு என்னைத் தெருவில் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். மழைத்தண்ணீரில் என் இரத்தம் ஓடியதை நானே பார்த்தேன். எதிர்வீட்டு லியாகத் அலி பாய் ஐஸ் குத்துகிற கொக்கியோடு வந்ததால் தப்பித்தேன். "யார்ரா அது, கெய்வன மெறிக்கிறது? எங்கிட்ட வா."

போகும்போது மூத்தவன் சொன்னான்: "ஞாய்த்துக்கெயம அவன் வருவான். பொண்ண அனுப்பு. இல்ல, வூட்டோட கொளுத்துவோம்."

டோரதி ஐரீனின் பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டாள். "உன்ன வச்சிகினா உங்க நைனாவ சாவடிச்சிடுவானுங்க."

ஐரீன் என் வாயைத் துடைத்துக்கொண்டே, "போறேம்மா" என்றாள்.

போகவேணாம்னு சொன்னேன். முன்பல்லு போன வாயி. யாருக்குக் கேட்டுச்சு?

19, சனி.

ஐரீனுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள் டோரதி, நாளைக்கு அனுப்ப வேண்டுமே என்று. முதுகுப் பக்கம் போன கை நின்றுவிட்டது. பழைய காயங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. "இது எப்போ?" என்று கேட்டாள். ஐரீன் முந்தானையை இழுத்து முதுகை மூடிக்கொண்டாள். டோரதி வெளியே போய் மழையில் நின்றாள். கூப்பிட்டும் வரவில்லை.

20, ஞாயிறு.

விடிந்ததும் லியோனார்ட் வந்தான். உடைந்த கையைக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டிருந்தான். பின்னால் மூத்த அண்ணன்.

டோரதி வாசற்படியின் நடுவில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து சங்கரா மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். நகரவில்லை.

"அத்தே, ஐரீன் எங்க?"

"தூங்கினு கீறா."

"எய்ப்பு."

"எய்ப்பமாட்டேன், லியோனார்ட்." மாப்பிள்ளை என்று சொல்லவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து இன்றுதான் பெயர் சொல்லிக் கேட்கிறேன்.

அண்ணன்காரன் முன்னால் வந்தான். "கெய்வி, தள்ளு."

டோரதி ஒரு மீனின் தலையை அறுத்து அவன் காலடியில் போட்டாள். "நான் மீன் அரிஞ்சிகினு கீறேன். தாண்டிகினு போறதுன்னா போ."

பாய் வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீடுகளிலும் ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். அவர்கள் இரண்டு பேரும் மழையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். திரும்ப வருவார்கள், தெரியும். வரட்டும்.

மிதிபட்ட வலது கை வீங்கியிருக்கிறது, இத்தனை எழுதியதே அதிகம். வீக்கம் வடிந்தால் வருகிற ஞாயிறு பூசை முடிந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

கோயில் மணி அடித்து வெகு நேரம் ஆகிறது. டோரதி பூசைக்குப் போகவில்லை. மீன்சட்டியை அடுப்பில் சத்தமில்லாமல் வைக்கிறாள். நான் இருமினால் முறைக்கிறாள். உள்ளே ஐரீன் இன்னும் தூங்குகிறாள்.