எலிமந்திரவாதியும் அம்மாவின் பால்குடமும்

மே 3, சனி

நமுனுகுல மலையே தெரியாத மழை. தோட்டத்தில் கீழ் லயத்து வரிசை வீட்டிலிருந்து லூக்காஸ் வந்தான், மந்திரச்சீட்டு விளையாடினோம். என் எலிமந்திரவாதி இறங்கினால் எதிராளி தன் கையிலிருக்கும் ஒரு சீட்டைக் கழித்தே ஆக வேண்டும். அரசன், கருடன், குள்ளர் இருவர் என்று எல்லாரையும் கழிக்க வைத்தேன். பாவம், அவன் ஒன்றைக்கூட இறக்கவில்லை. அவனிடம் நான் தோற்றதே இல்லை. தோற்கவும் மாட்டேன்.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள், "கழிச்சவங்கல்லாம் எங்க போவாங்க?"

"சுடுகாட்டுக்கு" என்றேன். விளையாட்டில் அந்தக் குவியலுக்கு அதுதான் பேர்.

மே 4, ஞாயிறு

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அம்மா சாமி விளக்கு ஏற்றவில்லை. "காப்பு கட்டின பொறகு வீட்டுல நாலு சாவுடா. தீட்டோட எப்படிப் பால்குடம் எடுப்பேன்?"

போன வருடம் எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் மாரியம்மனுக்கு நேர்ந்த பால்குடம் அது. அடுத்த வாரம் திங்கட்கிழமை திருவிழா.

வெறும் அட்டைம்மா, அட்டை! என்று கத்தினேன். "அரசன்னு நீதானே சொன்ன?" என்கிறாள்.

மே 6, செவ்வாய்

பூசாரியிடம் போயிருக்கிறாள். அவராவது சிரித்து அனுப்புவார் என்று நினைத்தேன். அந்த மனிதர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "எறந்தவங்க ஒறவா, அன்னியமா?" என்றாராம். அன்னியம் என்றால் தலைமுழுகினால் போதுமாம்.

"மாசக்கணக்கா வீட்டுக்கு வந்து போனவங்கள அன்னியம்னு எப்படிங்க சொல்றது?" என்று அழுதாளாம்.

உறவுதான், பால்குடம் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பு. ஐயோ, என் தலையெழுத்து!

மே 7, புதன்

பக்கத்து வீட்டார் துக்கம் விசாரிக்க வந்தார்கள். சாவு வீட்டுக்குக் கொண்டுபோகிற சீனி பார்சலோடு.

மே 8, வியாழன்

லூக்காஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்கிட்ட பச்சை மந்திரக்காரி இருக்காளே, சுடுகாட்டுல இருக்கிறவங்கள எழுப்புவா. நீதான் அவளை ஒருநாளும் எறக்க விடல."

அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. "எழும்பிட்டா சாவே இல்லையே! தம்பி, சனிக்கெழம வந்துரு." அவனுக்குத் தேங்காய் ரொட்டி வேறு.

எதற்கு இந்தக் கூத்து, நானே குவியலிலிருந்து எடுத்து வைக்கிறேன் என்றேன். "கையால தூக்கி வச்சா செத்தவங்க எழும்பிருவாங்களா? மொறையா எழுப்பணும்."

மே 10, சனி

நால்வரையும் சுடுகாட்டில் வைத்தே ஆட்டத்தைத் தொடங்கினோம். கொஞ்ச நேரத்தில் லூக்காஸ் கையில் ஒரே சீட்டு. மந்திரக்காரிதான் என்று அவன் இளித்த பல்லே சொன்னது. என் கையில் எலி. இறக்கினால் அவளும் சுடுகாட்டுக்கு, வெற்றி எனக்கு. கை அரித்தது. இவனிடமா தோற்பது? இவனிடமா?

அம்மா கதவோரம் நின்றிருந்தாள். "ஆஸ்பத்திரியிலயும் ஒன்ன இப்படித்தான் பார்த்துக்கிட்டே நின்னேன், கஜேன்" என்றாள்.

"எனக்கு எறக்க ஒன்னுமில்ல. நீ எறக்குடா" என்றேன்.

ஒவ்வொருவராக எழும்பினார்கள். கருடன் எழும்பியபோது அம்மா குலவை போட்டாள். எழும்பிய நாலு பேரும் சேர்ந்து என்னையே அடித்துத் தோற்கடித்தார்கள். லூக்காஸ் அதை லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். நாசமாப் போறவன்.

மே 12, திங்கள்

அம்மா பால்குடம் எடுத்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. நான்தான் கோயிலில் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன்.

மே 13, செவ்வாய்

வேலை விட்டு வந்தபோது லூக்காஸ் காத்திருந்தான். இரண்டு பேருமே சீட்டை வெளியே எடுக்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம்.

அவள் பாயை உதறி விரித்துப் போட்டாள். "என்னடா முழிக்கிறீங்க? திருவிழாதான் முடிஞ்சிருச்சே. இனி எத்தனை பேர வேணும்னாலும் கொல்லுங்க."