டமாரத்திடம் கேட்ட கேள்வி

கண்ணீர்த் தொழிற்சாலையின் முதலாளியம்மாவுக்கு,

மாடலாக இருந்தபோது பற்பசைக்காகப் பல்லைக் காட்டினாய். சீரியலுக்குப் போய்க் கண்ணைக் கசக்கினாய். இப்போது சினிமாவிலும் தலைகாட்டுகிறாய். பல், கண், தலை எல்லாம் ஊருக்குத் தெரிகிறது. முழு அம்மா வீட்டில் எப்போது ரிலீஸ்?

கோபித்துக்கொள்ளாதே. நேற்று உன் சீரியலில் ஒரு வேடிக்கை நடந்தது. உன் சீரியல் மகன் வெளியே போய்விட்டு வருகிறான். நீ அவன் தலையைக் கோதி, "சாப்பிட்டியா, டமாரம்?" என்கிறாய்.

அவன் பெயரா டமாரம்? ஓயாமல் வாயடிக்கிற எனக்கு நீ வைத்த பெயரல்லவா அது! பாவம், பையன் திருதிருவென்று விழித்துவிட்டு, "சாப்பிட்டேம்மா" என்றான்.

"எடிட்டர் தூங்கிட்டாரு போல" என்று சிரித்த அப்பா, சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனார். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது.

"என்னப்பா ஆச்சு?"

"வெங்காயம் நறுக்கினேன்டா."

"வீட்டுல வெங்காயமே இல்லையேப்பா. உங்களுக்கு நடிப்பு வராது, விட்டுடுங்க."

சீரியலுக்கும் சினிமாவுக்கும் நடுவில் உனக்கு மூச்சுவிட நேரமில்லை என்று தெரியும். டைரக்டர் கேட்டால், வாய் தவறிவிட்டது என்று சொல்லிவிடு. இதை மட்டும் நான் ஊரெல்லாம் டமாரம் அடிக்கவில்லை.

ஆனால் நீ என்னைத்தானே கேட்டாய்? அந்தப் பையன் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டான். என் பதில் வேறு.

இன்னும் இல்லம்மா. நீ வா, சேர்ந்து சாப்பிடலாம்.

ரீடேக்குக்குக் காத்திருக்கும்
அசல் டமாரம்